மூக்கு மாறி வந்த மாரி

ஹட்டன் தியேட்டரில் இப்போது ஒரு படத்தின் இரண்டாம் பாகம் ஓடுகிறது. முதல் பாகத்தில் கதாநாயகனுக்குக் கூட்டாளியாக வந்தவர் இதில் இல்லை. அவருக்குப் பதில் வேறு ஒருவர். பெயர் அதே பெயர், சட்டைகூட அதே சட்டை, ஆள்தான் வேறு. சனங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போய் இதை வாய் திறக்காமல் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாகரிகம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்.

மெஷின் ரூமில் வேலை செய்கிற இருவர் என்னைத் தேடி வந்து, "ஒங்க காலத்துல இப்படி ஆள் மாறி வந்தா என்னங்க ஐயா செய்வீங்க?" என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் யாராவது கேள்வி கேட்டால் அவ்வளவு லேசில் தப்பிக்க முடியாது. அவர்களால் முடியவில்லை. நீங்களும் உட்காருங்கள்.

என் உத்தியோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கதை சொல்லி. முப்பதுகளில் கொழும்பில் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. மலைநாட்டுக்கு அந்தச் செய்தி மெல்லத்தான் வந்தது. எங்கள் மொதலாளி, ஹட்டன் பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர், 'பேசுற படம் வந்தா பேசாத படம் மலிஞ்சிரும்' என்று கணக்குப் போட்டு, கொழும்பில் கைவிட்ட வெள்ளைக்கார ஊமைப் படங்களையும் கையால் சுற்றுகிற ஒரு மெஷினையும் வாங்கிவந்தார். படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அதை யாராவது திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழலில் தமிழில் கத்த வேண்டும். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, அதற்கு மேல் படிப்பு என்னைப் படிக்க விரும்பாததால், அந்தக் குழல் என் கைக்கு வந்தது. பயிற்சி? மொதலாளி, "தொண்ட இருக்குல்ல? போ, கத்து" என்றார். அதோடு பயிற்சி முடிந்தது.

மொதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். தோளில் துண்டு, முகத்தில் யாரோ அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிச்சயம். அத்தனை வருசத்தில் அவர் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. வெளியே பெஞ்சில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உள்ளே சனங்கள் போடும் சத்தத்தை மட்டும் கேட்பார். "அழுவுறாங்க, நல்ல படம்" என்பார். "இருமுறாங்க, இந்த எடத்த வெட்டு" என்பார். நாங்களும் கத்தரியால் வெட்டி, பசை தடவி ஒட்டிவிடுவோம். எந்த ஊர் மேதை எடுத்த படமானாலும் எங்கள் சனத்தின் இருமலுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஓடியது.

மெஷின் விஷயம் கொஞ்சம் கவனமானது. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் திரையில் எல்லாரும் எறும்புக் கூட்டில் கால் வைத்தவர்கள் மாதிரி ஓடுவார்கள். மெதுவாகச் சுற்றினால் அதைவிட ஆபத்து. விளக்கின் சூடு ஒரே இடத்தில் விழும். அந்தக் காலத்துப் படச்சுருள் பஞ்சைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். முதலில் திரையில் பழுப்பு நிறமாக ஒரு பொட்டு வரும். அந்தப் பொட்டு ரொட்டி அளவுக்கு ஆகும்போது நீங்கள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

எங்களை வாழவைத்த படம் ஒன்று உண்டு. இரண்டு கூட்டாளிகள் அண்டா மாதிரி இருக்கிற ஒரு வானக்கப்பலில் ஏறிச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு ராஜா, தலையில் புனல் கவிழ்த்தவர், இவர்களைப் பிடிக்க வருகிறார். கடைசியில் ஒருவன் உள்ளே இருக்க, மற்றவன் வெளியே நின்று இரும்புக் கதவைச் சாத்தி, "நீ போ" என்று கையைக் காட்டுகிறான். கப்பல் பறந்துவிடுகிறது. அவன் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். முற்றும்.

வெள்ளைக்காரப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. ஆகவே கப்பலில் திரும்பியவனுக்கு ரத்தினம் என்றும், கதவைச் சாத்தியவனுக்கு மாரி என்றும் பெயர் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் மாரி அந்த ரத்தினத்துக்கு வேலைக்காரன் என்று இருந்தது. எங்கள் சனம் வேலைக்காரன் கதையைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்ன? விடிந்தால் அதே கதைதான். ஆகவே கூட்டாளி ஆக்கினேன். எனக்கு அதற்காக யாரும் மாலை போடவில்லை. ஆனால் கொட்டகலை முதல் நோட்டன் பிரிட்ஜ் வரை பெண்கள் மாரிக்காக அழுதார்கள். மொதலாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி அந்த அழுகையைச் சங்கீதம் மாதிரிக் கேட்டார்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நிஜமாகவே இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள், சந்தனமும் முத்துவேலும். நாங்கள் அங்கே படம் காட்டிவிட்டு வந்த கொஞ்ச நாளில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், பிந்தி வந்தான் என்று பெரிய கங்காணி சந்தனத்தைக் கோலால் அடித்திருக்கிறார். இரண்டாவது அடி விழுவதற்குள் முத்துவேல் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டான். அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை, பிடித்தான். கோல் முறிந்துவிட்டது. கங்காணியின் கையோ காலோ முறிந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. கோல் முறியலாமா? அன்றைக்கே முத்துவேலுக்குப் பத்துச்சீட்டு எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள். இனித் தோட்டத்து மண்ணில் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்தான் என்று பொலிசில் பிடித்துக் கொடுப்போம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். சந்தனத்துக்குப் பெண்சாதி, பிள்ளைகள். அவன் இருந்துவிட்டான்.

தோட்டத்து ஆட்கள் அன்று முதல் தப்பித்தவனை ரத்தினம் என்றும், அவனுக்காக வேலை இழந்து போனவனை மாரி என்றும் சொல்லத் தொடங்கினார்கள். பெயர் வைத்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். மாரியே ஒரு நாள் துணி மூட்டையோடு ஹட்டனில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோது, பெருமைக்கு எங்கே இடம்?

"கை எப்படி?" என்றார் மொதலாளி.

முத்துவேல் கையைக் காட்டினான்.

"கோல ஒடைக்கிற கை. மெஷின் சுத்துறதுக்கு ஒத்துக்கும். ஆனா என் மெஷின ஒடச்சே, நான் கங்காணி மாதிரி நல்லவன் இல்ல."

இப்படி வேலைக்கு வந்தான். நாங்களும் அவனை மாரி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். மனசில் இருப்பதை முகத்தில் காட்டாத ஆள்; கைப்பிடியில் காட்டிவிடுவான். சண்டைக் காட்சி வந்தால் படம் பறக்கும். காதல் காட்சியில் அவனுக்கு அக்கறை இல்லை, அதுவும் பறக்கும். திரையைப் பார்த்தே அன்றைக்கு அவன் எப்படி இருக்கிறான் என்று நான் சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் இரண்டாம் பாகம் வந்தது. பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்தோம். ரத்தினமாக வந்தவர் அதே ஆள். மாரியாக வந்தவர் வேறு ஆள். முதல் படத்து மாரிக்குச் சப்பை மூக்கு, நல்ல அகலம். இவருக்கோ கிளி மூக்கு. காரணம் கேட்டு எழுத முடியுமா? அந்த நடிகருக்குச் சம்பளத் தகராறோ சாவோ, யாருக்குத் தெரியும். கதை இன்னும் மோசம். புனல் தலை ராஜா மாரியின் மூளையில் ஏதோ மின்சாரம் விட்டு, அவன் யார் என்பதையே மறக்க வைத்துவிடுகிறார். ரத்தினம் திரும்பிப் போய், "நான்தான் உன் கூட்டாளி" என்கிறான். மாரி, "உன்னை எனக்குத் தெரியாது" என்கிறான். முகமும் மாறி நினைவும் போன ஒருவனை மாரி என்று சொல்ல அங்கே என்னதான் மிச்சம்? இதை நான் தகரக் குழலில் விளக்க வேண்டும்.

"மொதலாளி, ஆளு மாறிருச்சுங்க. சனம் ஒத்துக்காது."

"மாறலன்னு சொல்லு."

"மூக்கு தெரியுதுங்களே."

"மூக்க யாரு பாக்கச் சொன்னா? ஒன் வாய எதுக்கு வச்சிருக்கேன்?"

முதல் ஆட்டம் எங்கே என்று கேளுங்கள். அதே தோட்டம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பழைய தேயிலை ஸ்டோரில் காட்டச் சொல்லி உத்தரவு கொடுத்திருந்தார். மெஷின் சுற்ற வேறு ஆள் இல்லை. முத்துவேல் அந்த மண்ணில் கால் வைத்தால் பொலிஸ்.

மொதலாளிக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "வெள்ளக்காரன் பேரயே மாத்துனோம். இவன் பேர மாத்த முடியாதா? இன்னையிலருந்து நீ சைமன். மீசைய எடு. தொப்பி போடு. சிங்களம் தெரியும்ல?"

"தெரியுங்க."

"தமிழ மறந்துரு."

முத்துவேல் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, "சந்தனத்த ஒருக்காப் பாக்கணும் மொதலாளி. போறேன்" என்றான். படத்தில் புனல் தலை ராஜா மின்சாரம் விட்டுச் செய்த வேலையை, எங்கள் மொதலாளி வெற்றிலை மென்றபடி செய்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை லொறியில் போய் இறங்கினோம். பழைய ஸ்டோர் முழுக்கப் பலகைக் கட்டடம், வாசல் ஒன்றே ஒன்று. ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, தேயிலைப் பெட்டிகளை அடுக்கி மெஷினை ஏற்றினோம். தொப்பியும் காக்கிக் கால்சட்டையுமாக 'சைமன்' பெட்டி தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது சனங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. அவனோடு பிறந்து வளர்ந்தவர்கள். நடையைப் பார்த்தாலே போதும். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் அவ்வளவு அழகு இருப்பதை அதற்கு முன் யாரும் கவனித்ததில்லை. சந்தனம் மட்டும் தரையைப் பார்த்தான்.

முன்னால் சாய்வு நாற்காலியில் துரை, காலடியில் இரண்டு நாய்கள். பக்கத்தில் பெரிய கங்காணி, கையில் புதுக் கோல்.

படம் தொடங்கியது. புது மாரி திரையில் வந்ததும் ஸ்டோர் கொதித்தது.

"யாரு இது?"

"இதுதான் மாரி!" என்று குழலில் கத்தினேன். "செவ்வாய்க் கிரகத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளாமல் முகம் மாறிவிட்டது!"

"தண்ணி மாறுனா சளி புடிக்கும், மூக்கு எப்புடிண்ணே மாறும்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பெண்கள் பக்கத்திலிருந்து, "எங்க மாரி எங்கேய்யா?" என்று கூச்சல். ஒரு தேங்காய்ச் சிரட்டை என் காதை உரசிக்கொண்டு போனது. கலைக்கு எங்கள் சனம் கொடுத்த மரியாதை அப்படி. துரை மட்டும் சந்தோசமாகச் சிரித்தார். சனங்கள் போடும் சத்தமும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ.

கூச்சல் போட்ட அத்தனை பேரும் 'எங்க மாரி' என்று சொல்லும்போது ஓரக்கண்ணால் மெஷின் பக்கம் பார்த்தார்கள். பெரிய கங்காணி முட்டாள் இல்லை. இடைவேளையில் எழுந்து நேராக மெஷினிடம் வந்தார்.

"டேய், தொப்பிய எடு."

முத்துவேல் தொப்பியை எடுத்து, "மொகத மஹத்தயா?" என்றான். என்ன விஷயம் ஐயா என்று சிங்களத்தில், அதுவும் நல்ல பணிவோடு.

"நம்ம ஆளுங்க. ஹட்டன்ல புடிச்ச சிங்களப் பையன், பேரு சைமன்" என்றேன் நான். வெளியே பெஞ்சில் இருந்த மொதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கங்காணி என்னைக் கடந்து கூட்டத்தைப் பார்த்தார். "சந்தனம், இங்க வா."

சந்தனம் வந்தான்.

"இவன் யாரு?"

"தெரியாதுங்க."

"நல்லாப் பாரு. ஒனக்காக என் கோல முறிச்சவன் மாதிரி இல்ல?"

"முத்துவேலு என் கூடப்பொறந்தவன் மாதிரிங்க. எனக்குத் தெரியாதா? இது வேற ஆளுங்க."

கங்காணி சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "வேற ஆளுதானே? எனக்கு முன்னாடி தொப்பி போட்டுக்கிட்டு நின்னான். மருவாத தெரியாதவன். ஒண்ணு விடு பாப்போம்."

சந்தனத்தின் பெண்சாதி முன்றானையை வாயில் வைத்துக்கொண்டாள். மெதுவாக அடித்தால் காட்டிக்கொடுத்த மாதிரி. அடிக்காவிட்டால் இரண்டு பேரும் தொலைந்தார்கள். சந்தனம் கையை ஓங்கினான். அந்த அறை விழுந்த சத்தத்தில் துரையின் நாய்கள் எழுந்து குரைத்தன. முத்துவேலின் உதட்டில் ரத்தம் வந்தது.

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சந்தனத்தைச் சிங்களத்தில் ஏசினான். அப்படி ஒரு ஏச்சை நான் ஹட்டன் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்களிடம்கூடக் கேட்டதில்லை. யாரோ ஒருவனை ஏசுவது மாதிரியே இருந்தது.

கங்காணிக்கு இன்னும் திருப்தி இல்லை. அதற்குள் துரை கடிகாரத்தைப் பார்த்து, "என்னா இது? படம் போடு" என்றார். துரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

விளக்கை அணைத்தோம். நான் திரையைப் பார்த்தேன். படம் சீராக ஓடியது. அடி வாங்கியவன் கை இவ்வளவு நிதானமாகச் சுற்றுகிறதே என்று எனக்கு வியப்பு. சனங்களும் மூக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. ரத்தினம் ஓடிவந்து கிளி மூக்குக்காரனின் தோளைப் பிடிக்கிறான். எழுத்து வந்தது. நான் சொன்னேன்: "'உன்னை எனக்குத் தெரியாது' என்றான் மாரி."

இருட்டில் எங்கேயோ சந்தனம் விம்முகிற சத்தம் கேட்டது. பெரிய உடம்புக்காரன், அடக்கத் தெரியவில்லை. அந்தச் சத்தம் மெஷின் வரைக்கும் போயிருக்க வேண்டும். திரையில் ரத்தினத்தின் கை மெதுவாக ஆடியது, இன்னும் மெதுவாக ஆடியது, நின்றது. அவன் நெஞ்சில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

உள்ளே தோட்டமே உட்கார்ந்திருக்கிறது. பலகைக் கட்டடம், ஒரே வாசல். எனக்கு யோசிக்க நேரமில்லை. குழலை மெஷின் பக்கம் திருப்பி அடித்தொண்டையில் கத்தினேன்.

"மாரி! சுத்துடா!"

கைப்பிடி சுற்றியது. பொட்டு மறைந்தது. பெரிய கங்காணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"...என்று கத்தினான் ரத்தினம்!" என்றேன். "'வானக்கப்பலின் சக்கரத்தைச் சுத்துடா மாரி! நீ யார் என்று நீ மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்! சுத்துடா!'"

படத்தில் அப்போது சக்கரமும் இல்லை, கப்பலும் இல்லை. இரண்டு பேர் ஒரு குகையில் நின்றுகொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த துரை திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "சுத்து மாரி!" என்று குரல் கொடுத்தாள். இன்னொருத்தி கொடுத்தாள். பிறகு ஸ்டோரே கத்தியது. "சுத்து மாரி! சுத்து மாரி!" தகரக் கூரை அதிர்ந்தது. எந்த மாரியைக் கூப்பிடுகிறார்கள் என்று கங்காணி யாரிடம் போய்க் கேட்பார்? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க் கிரகத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். இங்கிலீஷ் எழுத்தில் அப்படி இல்லை. கடைசிச் சுருளில் மாரி ராஜாவின் ஆளாகவே செத்துப்போகிறான். எங்கள் கடைசிச் சுருள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. "முற்றும்!" என்று நான் சொன்னதோடு முற்றியது. மொதலாளி வெளியே, "இது நல்ல படம்டா, இத வெட்டாத" என்றார்.

லொறியில் திரும்பும்போது முத்துவேல் வீங்கிய உதட்டோடு சிரித்தான். "பயந்துக்கிட்டே இருந்தேன் அண்ணே, மெதுவா அடிச்சிருவானோன்னு" என்றான்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் சந்தனம் எங்கள் கடைக்கு வந்தான். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தானாம். வாசலில் படப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துவேல் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

"யாருங்க நீங்க? ஒங்கள எனக்குத் தெரியாதே."

சந்தனத்தின் முகம் செத்துவிட்டது. அப்படியே திரும்பி இரண்டடி வைத்துவிட்டான். முத்துவேல் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். "டேய், டேய், சும்மா சொன்னேன்டா!" சந்தனம் படப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, பஜார் முழுக்கப் பார்க்க அழுதான். "சாப்புட முடியலடா. அந்தக் கையால சோத்த அள்ளுனா வாய்க்கிட்ட போகமாட்டேங்குது" என்றான்.

"அந்த அடி இல்லாட்டி நான் இன்னைக்கு செயில்ல இருப்பேன். பேசாம இரு."

சத்தம் கேட்டு மொதலாளி உள்ளேயிருந்து வந்தார். வாயில் வெற்றிலை. "யாருய்யா இது? சைமனா, மாரியா, இதுல யாரு எவன்? எழவு, எனக்கே கொழம்பிப் போச்சு."

முத்துவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். பஜாருக்கு வந்த நாளிலிருந்து அவன் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"நான் முத்துவேலுங்க. இவன் சந்தனம், என் கூட்டாளி."

மொதலாளி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"சரி. ரெண்டு பேரு இருக்கீங்கள்ல? அந்தப் பெட்டிய உள்ள தூக்கி வைங்க."